சோல்ஜர் வீட்டின் மேல் என் வேட்டி

உயிரோடு இருக்கும்போதே தன் சாவுக்கு எத்தனை பேர் அழுவார்கள் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை. எனக்கு அமைந்தது. பதினொரு பேர். அதில் இருவர், பக்கத்தில் நின்றவர் அழுகிறாரே என்று அழுதவர்கள். அவர்களைக் கழித்தால் ஒன்பது. (அந்த ஒன்பதிலும் ஒன்று சந்தேகம்தான். அந்தம்மாவுக்கு எப்போதுமே கண்ணில் நீர் வடியும்.)

இது என் இளமைத் துடிப்பில் நடந்தது. அப்போது எனக்கு வயது அறுபத்தெட்டு. இப்போது எழுபத்தைந்து. நிதானம் வந்துவிட்டது என்று நான் சொல்கிறேன், என் மனைவி சொல்வதில்லை.

கூட்டுறவுச் சங்கங்களில் தணிக்கையாளனாக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். ஒரு கோடவுனுக்குள் நுழைந்தால் மூட்டையை எண்ணாமல் வெளியே வரமாட்டேன். ஓய்வு பெற்ற பிறகு மூட்டைகள் போய்விட்டன, எண்ணுவது போகவில்லை. கல்யாண வீட்டில் பந்தி இலையை எண்ணுவேன். பேருந்தில் நிற்பவர்களை எண்ணுவேன். அடுத்த வீட்டுக் கோழிகளை அவை கூண்டுக்குள் போகும்போது எண்ணுவேன். ஒன்று குறைந்தால் எனக்குத் தூக்கம் வராது, கோழிக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

பிறந்த ஊர் அபிராமம். அங்கே கண்மாய்தான் பெரிய தண்ணீர். அதற்கு நான்கு பக்கமும் கரை தெரியும், மனதுக்கு நிம்மதி. என் மனைவி சரோஜா, தொண்டிக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். படகில் போகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். அதனால் அந்த ஊரை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நானும் அங்கேயே போய்ச் சேர்ந்தேன். ஊரில் எனக்குப் பெயர் கிடையாது. "டீச்சர் வீட்டு அய்யா", அவ்வளவுதான். கடல் எனக்குப் புதிது. ஒரு கரைதான் தெரிகிறது, மற்ற மூன்று கரைகளுக்கும் யார் பொறுப்பு என்பதே எனக்கு முதலில் வந்த கவலை.

அந்தக் கவலையில் ஒரு பழக்கம் ஏற்பட்டது. விடியலில் மாடியில் நின்று, கடலுக்குப் போகும் படகுகளை எண்ணுவேன். மொத்தம் முப்பத்தொன்று. எல்லாம் சின்ன நாட்டுப்படகுகள், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே தொழில் பார்ப்பவை. மதியத்துக்கு மேல் அவை திரும்பும்போது மறுபடியும் எண்ணுவேன். கணக்கு நேரானால்தான் எனக்குச் சோறு இறங்கும். யாரும் கேட்கவில்லை, சம்பளமும் இல்லை.

ஊருக்குத் தெற்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் மணல்திட்டில் ஒரு கட்டடம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதைச் சோல்ஜர் வீடு என்பார்கள். உலக யுத்தத்தின்போது, ஜப்பான்காரன் கப்பலில் வருவான் என்று பயந்து, கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வெள்ளைக்காரன் கட்டிய காவல் அறை. ஒரே ஓர் அறைதான். இரண்டு முழம் தடிப்பில் கான்கிரீட் சுவர். கடல் பக்கம் ஒரு சாண் உயரத்தில் நீளமாக ஒரு திறப்பு, அதன் வழியே கண்ணை மட்டும் வைத்துப் பார்க்கலாம். பின்பக்கம் மேலே ஏற இரும்புப் படிகள். உச்சியில் ஓர் இரும்புக் கம்பம். சுற்றிலும் சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, கடல் பக்கமிருந்து பார்ப்பவனுக்குத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாமல் மறைத்துவிட்டது.

ஜப்பான்காரன் வரவில்லை. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. "ஒண்ணுமே நடக்காத எடத்துக்கு என்னங்க வரலாறு" என்று என் மனைவி கேட்டாள். சண்டை நடந்த இடம் மட்டும்தான் வரலாறா, சண்டை வருமோ வருமோ என்று ராத்தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்த இடம் வரலாறு இல்லையா என்று நான் கேட்டேன். (எனக்கு இதில் சொந்த அனுதாபம் உண்டு. என் வாழ்க்கையில் பெரும்பகுதி வராத ஆபத்துகளுக்காக விழித்திருந்ததுதான்.) நம் பக்கத்தில் கோயில்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. இந்த மாதிரி அழகில்லாத, ஆள் நடமாட்டமில்லாத கான்கிரீட்டுக்கு யார் இருக்கிறார்கள்? நூறு வயது ஆவதற்குள் இடித்துவிட்டால் அதற்கு நூறு வயது எப்போதுதான் ஆகும்?

உண்மையான காரணம் வேறு. முள்ளை வெட்டி முதன்முதலாக உள்ளே போன அன்று, டார்ச் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்தேன். தாரில் தொட்டு இழுத்த கோடுகள். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. மறுபடியும் நான்கு, குறுக்கே ஒன்று. வரிசை வரிசையாக ஒரு சுவர் முழுக்க. எந்த ஊர்க்காரனோ, எவன் பிள்ளையோ, இங்கே உட்கார்ந்து எதையோ எண்ணியிருக்கிறான். நான் எண்ணிப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் போய் எண்ணினேன், நானூற்றுப் பதின்மூன்று. மூன்றாம் நாள் பழையபடி பன்னிரண்டு. இன்றுவரை அது தீரவில்லை. என்னைப் போல் ஒருவன் எனக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறான் என்பது மட்டும் தீர்ந்துபோயிற்று.

அந்தச் சுவருக்குத்தான் ஆபத்து வந்தது. புதிய படகுத்துறைக்குச் சாலை போடத் திட்டம். சாலை நேராக வரவேண்டுமானால் சோல்ஜர் வீடு போக வேண்டும். பொக்லைன் இயந்திரம் வந்து பனைமரத்தடியில் நின்றுவிட்டது. நான் உடனே பாதுகாப்புக் குழு ஒன்று அமைத்தேன். தலைவர் நான். செயலாளர் காதர் பாய், கீழக்கரைக்காரர். வளைகுடாவில் இருபது வருடம் வண்டி ஓட்டிவிட்டு வந்து இங்கே பாத்திரக்கடை வைத்திருப்பவர். "அங்கெல்லாம் ஒரு குட்டிச் சுவத்துக்கு லைட்டு போட்டு, டிக்கெட்டு வச்சு உள்ள விடுறான் அண்ணே" என்று சொல்லித்தான் சேர்ந்தார். மூன்றாவது உறுப்பினர் என் மனைவி. அவளைக் கேட்காமல் சேர்த்தேன்.

மொத்தம் ஒன்பது மனுக்கள் எழுதினேன். அவற்றில் ஐந்தாவதை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். இந்த ஊருக்குக் குடிவந்த பிறகு இரண்டு முறை, கடற்கரையோரம் நடந்து போகையில், அந்த இரும்புக் கம்பத்தில் சேலை பறப்பதைப் பார்த்திருந்தேன். எனக்கு மகா கோபம். "வரலாற்றுச் சிறப்புமிக்க, கைவிடப்பட்ட இராணுவக் கட்டடத்தின் உச்சியில் பொதுமக்கள் துணி உலர்த்துகின்றனர். தடுக்க ஆவன செய்யவும்" என்று எழுதினேன். அந்த இரண்டு நாளும் படகுகள் சீக்கிரமே திரும்பிவிட்டன. அந்த இரண்டு நாளும் ஊரில் சாவு. எல்லாவற்றையும் எண்ணி வைத்திருந்தேன். கூட்டிப் பார்க்கவில்லை.

கடைசியில் பதில் வந்தது. பழங்கட்டடங்களைப் பார்வையிடும் பெண் அலுவலர் ஒருவர் சென்னையிலிருந்து வருவார், அவர் எழுதுவதைப் பொறுத்து முடிவு. அதாவது அந்த அம்மையார் காக்கலாம் என்று எழுதினால் சாலை வளையும். இல்லையென்றால் மறுநாளே பொக்லைன்.

அன்று காலை என் மகள் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த எட்டு முழ வேட்டியைக் கட்டினேன். நான்கு விரல் அகலத்துக்கு ஊதாக் கரை போட்டது. அந்தக் கரை ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. முள்ளுக்குள் போகையில் அதை உடுத்த வேண்டாம் என்று மனைவி சொன்னாள். கேட்கவில்லை. அவள் அதிகாரிக்கு உளுந்த வடை போட அடுப்பைப் பற்றவைத்தாள். நானும் காதர் பாயும் பொன்னாடையோடு சோல்ஜர் வீட்டில் காத்திருந்தோம்.

பத்தரைக்கு அம்மையாரிடமிருந்து போன். கருவேலங்காட்டுக்குள் ஜீப் வழி தவறிவிட்டது, எந்தப் பாதையைப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது, உயரத்தில் ஏதாவது அடையாளம் தெரிந்தால் வந்துவிடலாம் என்றார். அதோடு இணைப்பு போய்விட்டது. (எங்கள் கரையில் கைபேசிக்கு எந்த நாட்டில் இருக்கிறோம் என்ற சந்தேகம் அடிக்கடி வரும். கொஞ்சம் கடலுக்குள் போனால் இலங்கைக்கு நல்வரவு சொல்லும். அதனால் படகுக்காரர்கள் அதை அணைத்துப் பாலிதீன் பையில் சுற்றிப் போட்டுவிடுவார்கள்.)

காதர் பாய் மொபெட்டை எடுத்தார். "நான் போய்க் கூட்டியாரேன் அண்ணே. நீங்க ஒண்ணும் செய்யாம இங்கனயே இருங்க" என்றார்.

இரண்டு கட்டளைகள். ஒன்றைத்தான் கடைப்பிடித்தேன்.

உயரத்தில் அடையாளம் என்றாரே அந்த அம்மையார். கம்பம் இருக்கிறது. கட்டத் துணி வேண்டும். பொன்னாடையைக் கட்டலாம், ஆனால் காற்றில் கிழிந்ததை எடுத்து ஒரு பெண் அதிகாரிக்குப் போர்த்துவது மரியாதையாகாது. என் துண்டு சின்னது. மிச்சம் இருந்தது இடுப்பில்தான். சுற்றுமுற்றும் பார்த்தேன். கண்ணுக்கெட்டியவரை ஆள் இல்லை. ஒரு கழுதை நின்றது, அதுவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிட வேலை. ஜீப் கண்ணில் பட்டதும் அவிழ்த்துக் கட்டிக்கொள்ளலாம்.

வேட்டியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். இரும்புப் படிகள் ஏழு, நடுவில் ஒன்று இல்லை. மேலே போய்க் கம்பத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டேன். கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் கச்சான் காற்று நல்ல வேகம். எட்டு முழமும் விரிந்து கடல் பக்கமாகப் படபடவென்று அடித்துக்கொண்டது. ஊதாக் கரை வெயிலில் பளிச்சென்று மின்னியது. எனக்கே பெருமையாக இருந்தது.

இறங்கினேன்.  இன்னொரு தரம் ஏறி அவிழ்க்க என்னால் ஆகாது என்பது கடைசிப் படியில்தான் தெரிந்தது. சரி, காதர் பாய் வரட்டும் என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். என் கோலத்தையும் சொல்லிவிடுகிறேன். மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கீழே பச்சைப் பட்டை போட்ட பட்டாபட்டி. வேறொன்றுமில்லை.

அந்தத் திறப்பில் கண்ணை வைத்துக் கடலைப் பார்த்தேன். ஒரு படகு திரும்பியது. டீசல் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். இன்னும் நான்கு திரும்பின. அப்புறம் எல்லாமே. வலை இழுக்கிற நேரத்தில், முழு வேகத்தில், நேராக என்னை நோக்கி.

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. அதிகாரி வருகிற செய்தி ஊருக்குத் தெரிந்துவிட்டது, கட்டடத்தைக் காப்பாற்ற மக்கள் தொழிலை விட்டுவிட்டுத் திரண்டு வருகிறார்கள் என்று முடிவு செய்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊரைத் தவறாக நினைத்துவிட்டோமே என்று வருந்தினேன். வரவேற்புரையை மனதுக்குள் ஒரு முறை சொல்லியும் பார்த்தேன்.

அதற்குள் ஊர்ப் பக்கமிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள், தலையில் அடித்துக்கொண்டு. வரலாற்றின் மேல் இவ்வளவு பற்றா என்று அப்போதுதான் எனக்கு முதல் சந்தேகம் எழுந்தது.

இரண்டு கூட்டமும் என் சுவருக்கு வெளியே, எனக்கு இரண்டு முழத் தூரத்தில் சந்தித்தன.

"யாரு? யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார் படகிலிருந்து குதித்த ஒருவர்.

"நீங்கல்லப்பா சொல்லணும். கடல்ல யாரு?" இது முன்னால் ஓடி வந்த காளியம்மா.

"கடல்ல யாருக்கும் ஒண்ணுமில்ல. கரையில யாரு?"

"கரையில எல்லாரும் நல்லாத்தான இருக்கோம். நீங்க இப்படி வந்து விழுகுறீகளேன்னுல்ல ஓடியாரோம்."

"துணி ஏறுச்சு, வந்தோம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஊர் வழக்கம் இது. ஊரில் உயிர் போனால் சோல்ஜர் வீட்டுக் கம்பத்தில் துணி ஏற்றுவார்கள். கடலில் இருப்பவன் அதைப் பார்த்தால் கேள்வி கேட்காமல், போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கரைக்கு வரவேண்டும். ஒன்பது மனு எழுதியவனுக்கு இது தெரியாது. யாரிடமும் கேட்டதில்லை, பதில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். சேலை இல்லை, வேட்டி, அப்படியானால் ஆண் சாவு என்றார் ஒருவர். ஊதாக் கரை என்றார் இன்னொருவர். 

"டீச்சர் வீட்டு அய்யா வேட்டியில்ல அது?"

அழுகை தொடங்கியது. வெளியே போய், "நான் சாகவில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். ஆனால் வெளியே ஐம்பது அறுபது பெண்கள், உள்ளே பட்டாபட்டி. என் துண்டு இடுப்பைச் சுற்றி வராது, பொன்னாடை அதிகாரிக்கு உரியது. யாராவது ஆண்பிள்ளை தனியாக வாசல் பக்கம் வருவான், அவனிடம் பெரிய துண்டாகக் கேட்கலாம் என்று காத்திருந்தேன். காத்திருக்கும்போது என் இரங்கற் கூட்டம் முழுவதையும் கேட்க நேர்ந்தது.

"கொஞ்சம் நொச்சுப் புடிச்ச மனுசந்தான். ஆனா ஒருத்தரையும் ஒரு சொல்லு சொன்னதில்ல" என்றார் காளியம்மா. என் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி மூக்கைச் சிந்திக்கொண்டு, நேற்றுக்கூட நான் அவள் கோழியை எண்ணி ஏழுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனதையும், தேடினால் எட்டாவது கிணற்றுக்குள் கிடந்ததையும் சொல்லி அழுதாள். இனிமேல் யார் எண்ணுவார்கள் என்றாள். எனக்கே துக்கமாகிவிட்டது.

பிறகு கூட்டம் விலகியது. சரோஜா வந்தாள். அடுப்படியிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், கையில் வடை எடுக்கும் ஜல்லிக்கரண்டி. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. தலையை உயர்த்திக் கம்பத்தைப் பார்த்தாள்.

"அந்த வேட்டிய உடுத்தாதீங்கன்னு காலையிலயே சொன்னேன்" என்றாள், மெதுவாக, யாரிடமும் இல்லாமல். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கரண்டி கையிலேயே இருந்தது.

நாற்பத்திரண்டு வருடத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. அந்த நொடியே கத்தியிருக்க வேண்டும்.  அவளைப் பார்க்க முடியாமல் கண்ணைக் கடல் பக்கம் திருப்பினேன். திருப்பிய கண் சும்மா இருக்குமா? கரையில் இழுத்து விட்டிருந்த படகுகளை அது தன்பாட்டுக்கு எண்ணத் தொடங்கிவிட்டது.

முப்பது.

மறுபடியும் எண்ணினேன். முப்பது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கும் எண்ணினேன். முப்பதுதான். காலையில் போனது முப்பத்தொன்று. கடலில் கண்ணுக்கெட்டியவரை ஒன்றுமில்லை. எது இல்லை என்று பார்த்தேன். நீலப் படகு. முனியசாமியுடையது. காளியம்மாவின் ஒரே மகன். அவன் மனைவி செல்விக்கு இது நிறைமாதம்.

அந்தக் காளியம்மா எனக்காக அழுதுகொண்டு அங்கே நிற்கிறார். மானம், பட்டாபட்டி, சாவு எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. திறப்பில் வாயை வைத்துக் கத்தினேன்.

"ஒண்ணு கொறையுது!"

அந்தக் கான்கிரீட் அறைக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே பேசுவது வெளியே பத்து மடங்காகி, யார் பேசுவது என்று தெரியாத குரலில் வரும். என்னை நினைத்து அழுத பதினொரு பேரில் ஆறு பேர் ஓடிவிட்டார்கள். படகுக்காரர் ஒருவர் கடலுக்குள் இடுப்பளவு இறங்கிவிட்டார். கழுதையும் போய்விட்டது.

சரோஜா மட்டும் அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரும் ஓடாதீக. உசுரோடதான் இருக்காரு. செத்த மனுசன் எதுக்கு எண்ணப் போறாரு?"

நான் வெளியே வந்தேன், இருந்த கோலத்திலேயே. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் நான் வந்த வேகத்தில் முனியசாமி படகைக் காணோம் என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேரும் கடலைப் பார்த்துத் திரும்பினார்கள். காளியம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா எண்ணுங்கய்யா" என்றார். எண்ணினேன். அவருக்காக இன்னொரு தரம் விரலை நீட்டி, சத்தமாக எண்ணினேன். முப்பதோடு விரல் நின்றுவிட்டது. 

இரண்டு பேர் படகைத் தள்ளப் போனார்கள். அப்போது ஊர்ப் பக்கமிருந்து ஒருவன் ஓடி வந்தான். முனியசாமிதான். துணியைப் பார்த்ததும் அவன் சோல்ஜர் வீட்டுக்கு வரவில்லை. யார் செத்தது என்று கேட்கிற தைரியம் அவனுக்கு இல்லை. வலையை அறுத்துவிட்டு, தன் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஓடையில் படகை ஏற்றிவிட்டு, நேராக உள்ளே போயிருக்கிறான்.

"தூங்குறாம்மா" என்றான் தாயிடம். "நல்லாத்தான் தூங்குறா. நான் போயி எழுப்பவும் வைய்யிறா."

அப்புறம் மேலே வேட்டியைப் பார்த்தான். கீழே என்னைப் பார்த்தான். என் காலைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்து மணலில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். அழுகையா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை. சிரிப்பு என்று தெரிந்ததும் ஊரே சிரித்தது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் என் பட்டாபட்டியை நிதானமாகப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்ததும் திட்டினார்கள். முறையாக, ஒருவர் விடாமல். ஒரு நாள் தொழிலும் முனியசாமியின் வலையும் என்னால் போனது என்றால் வாங்கத்தானே வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். (வலையை மறுநாள் நான்கு படகுகள் போய்த் தேடி எடுத்து வந்துவிட்டன. பாதி வலைதான் கிடைத்தது. மீதிப் பாதியை நான் வாங்கிக் கொடுத்தேன்.)

திட்டு நடுவில் இருக்கும்போது கருவேலம் விலகியது. முன்னால் காதர் பாய், பின்னால் ஜீப், ஜீப்பிலிருந்து இறங்கிய அந்த அம்மையார். காதர் பாய் என்னை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். "ஒண்ணும் செய்யாம இருங்கன்னுதான அண்ணே சொன்னேன்" என்றார்.

உள்ளே ஓடிப் பொன்னாடையை எடுத்தேன். அதிகாரிக்குப் போர்த்த வேண்டியது. வேறு வழியில்லை, இடுப்பில் சுற்றிக்கொண்டேன். இரண்டு பக்கமும் சரிகை போட்ட அந்தக் கோலத்தில்தான் என் வரவேற்புரையைத் தொடங்கினேன். அம்மையார் கண்ணியமானவர். என் முகத்தை மட்டும் பார்த்தார். (ரொம்ப நேரம், இமைக்காமல், முகத்தை மட்டும்.)

எது எப்படி நடந்தது என்று ஊரார் ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். துணி ஏற்றுகிற வழக்கம் எப்போதிலிருந்து என்று விசாரித்தார். அப்பன் காலத்திலிருந்து, அதற்கு முன்னாலும் இருக்கலாம் என்றார்கள். பிறகு கோப்பைப் பிரித்தார். ஐந்தாவது மனு. அதைச் சத்தமாகப் படித்தார். நூறு பேர் முன்னால், "பொதுமக்கள் துணி உலர்த்துகின்றனர்" என்கிற வரி வரைக்கும்.

"நாங்களா? துணியா?" என்றார் காளியம்மா. சற்று முன்பு எனக்காக அழுததை அவர் திரும்ப எடுத்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது.

அம்மையார் உள்ளே வந்தார். கோடுகள் இருந்த சுவரின் முன் வெகுநேரம் நின்றார். இவன் எதை எண்ணியிருப்பான் என்று கேட்டார். முந்தின நாள் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அன்று எனக்கு அப்படிப் பேச வரவில்லை.

"தெரியலம்மா. படகா இருக்கலாம், நாளா இருக்கலாம். ஒண்ணு கொறைஞ்சிரக் கூடாதேன்னு எண்ணியிருப்பான்."

அவர் குனிந்தார். திறப்பில் கண்ணை வைத்துக் கடலைப் பார்த்தார். அவருடைய உதடுகள் அசைந்ததை நான் கவனித்தேன். முப்பது வரை எண்ணியிருப்பார், முப்பத்தொன்றாவதுதான் ஓடையில் நிற்கிறதே.

வெளியே வந்து கேட்டார். "ஒன்பது மனுவிலயும் 'கைவிடப்பட்ட கட்டடம்'னு எழுதியிருக்கீங்க சார். இதை யார் கைவிட்டது?"

அறிக்கையில் அவர் எழுதியது சில வரிகள்தான். பழைய காவல் அறை, கட்டிய நோக்கம் மாறினாலும் காவல் வேலை இன்றும் நடக்கிறது, சுவரில் உள்ள குறிகளோடு அப்படியே விட வேண்டும், துணி ஏற்றுகிற வழக்கத்துக்கு இடையூறு கூடாது. சாலை வளைந்து போயிற்று. பொக்லைன் வேறு ஊருக்குப் போயிற்று. வேலி போடவில்லை, ஒரு பலகை மட்டும் வைத்தார்கள். ஆறு வரி. என் பெயர் இல்லை. (எல்லா வரியையும் பார்த்துவிட்டேன்.) வடை மொத்தம் நாற்பது. அதிகாரிக்கு இரண்டுதான் கிடைத்தது.

அன்று மாலையே ஊர்க் கூட்டம் போட்டு ஒரு விதி செய்தார்கள். இனிமேல் சேலை ஏறினால் மட்டும் திரும்ப வேண்டும். வேட்டி ஏறினால் வேலையைப் பார்க்கலாம், டீச்சர் வீட்டு அய்யா யாருக்கோ வழி காட்டுகிறார் என்று அர்த்தம். ஆண் செத்தாலும் சேலைதான். ஓர் ஊரின் வழக்கத்தை மாற்றிய பெருமை எனக்கு உண்டு.

மறு வாரம் செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். என் மனைவியிடம் கணக்குக் கற்றுக்கொள்ள வருவாள். என்னை அவள் கூப்பிடுவது வேட்டித் தாத்தா என்று. என் மகள் கோயம்புத்தூரிலிருந்து பேசும்போது, பேரனுக்குப் பல் விழுந்த சேதியைக்கூட, "அப்பா, ஒண்ணு கொறையுது" என்றுதான் சொல்வாள். எங்கள் குடும்பத்தில் கல்யாணப் போட்டோ எடுக்க நின்றால், போட்டோக்காரர் தயாரா என்று கேட்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்கள். சித்தப்பா, மாமா, சம்பந்தி வீடு என்று எல்லோரும் சிரித்தபடி விழுந்த படங்கள் எங்கள் வீட்டில்தான் அதிகம்.

இப்போது நான் படகுகளை மாடியிலிருந்து எண்ணுவதில்லை. மதியம் சாப்பாட்டுக்கு முன் சோல்ஜர் வீட்டுக்கு நடந்து போய், அந்தத் திறப்பின் வழியே எண்ணுகிறேன். படகுக்காரர்கள் என்னைக் கடந்து போகும்போது கையை உயர்த்துவார்கள். நேற்றும் போனேன். வீடு திரும்பியபோது சரோஜா இலை போட்டு வைத்திருந்தாள்.

"சரியா இருக்கா?" என்றாள்.

"முப்பத்தொண்ணு. சரியா இருக்கு."

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தாள்.

"வேட்டியும் இருக்கு. உக்காருங்க."